தேங்காய்ப்பால் கோழிச்சாறு: சத்து யாருக்குப் போய்ச் சேருகிறது?



சம்பளம் போட்ட கிழமையில் லயத்துக்கு லயம் கோழி வாசம் வரும். வீட்டில் காய்ச்சல் விட்டு எழுந்த பிள்ளையோ, பிள்ளை பெற்ற தாயோ இருந்தால் அன்றைக்குச் சாறும் வைப்போம். "சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சிரு, ஒடம்பு தேறும்" என்று மாமியார் மருமகளிடம் கோப்பையை நீட்டுவார். சதையைக் கேட்டால், "அது ஒனக்குச் செரிக்காது, அவருக்கு எடுத்து வை" என்பார்.

மாமியார் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் ஒரு விஷயத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கோழியை எவ்வளவு நேரம் அவித்தாலும் புரதச்சத்திலும் இரும்புச்சத்திலும் பெரும்பகுதி சதையிலேயே தங்கிவிடும். தண்ணீரில் இறங்குவது ருசியும் உப்பும் கொஞ்சம் கொழுப்பும்தான். சாறு மட்டும் குடித்தவருக்கு வயிறு நிறையும், இரத்தம் ஊறாது.

ஆகவே சதையோடு, கீரையோடு, தேங்காய்ப்பாலோடு சாறு வைக்கும் முறையைக் கீழே தருகிறோம்.

தேவையானவை (5 பேருக்கு)

எலும்போடு கோழி - 500 கிராம்
தேங்காய் - பாதி
சின்ன வெங்காயம் - 10
பூண்டு - 6 பல்
இஞ்சி - சிறு துண்டு
மிளகு, சீரகம் - ஒவ்வொரு தேக்கரண்டி
மஞ்சள் தூள் - கால் தேக்கரண்டி
கரட் - 2
முருங்கைக்கீரை - 2 கைப்பிடி
ரம்பை, கறிவேப்பிலை, உப்பு - தேவைக்கு
தேசிக்காய் - 1

குளிர் கூடிய மேட்டுத் தோட்டங்களில் முருங்கை சரியாக வராது. அங்கே வீட்டுத் தோட்டத்துப் பொன்னாங்கண்ணி போதும்.

செய்யும் முறை

1. தேங்காயைத் துருவி, ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிழிந்து முதற்பாலைத் தனியே வையுங்கள். அதே பூவில் இன்னும் 2 கோப்பை தண்ணீர் விட்டு இரண்டாம் பாலை எடுங்கள்.

2. மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி ஆகியவற்றை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். சின்னப் பிள்ளை குடிப்பதானால் மிளகைப் பாதியாகக் குறையுங்கள்.

3. கோழி, தட்டிய சரக்கு, வெங்காயம், மஞ்சள், ரம்பை, கறிவேப்பிலை, உப்பு எல்லாவற்றையும் 4 கோப்பை தண்ணீரில் போட்டு மூடி அவியுங்கள். கடைக் கோழிக்கு 40 நிமிடம் அளவில் போதும். ஊர்க்கோழி முற்றலாக இருந்தால் ஒன்றரை மணித்தியாலம்கூடப் பிடிக்கும். எலும்பை விட்டுச் சதை கழன்று வர வேண்டும். உள்ளே சிவப்பு இருக்கக்கூடாது.

4. நறுக்கிய கரட்டையும் இரண்டாம் பாலையும் சேர்த்து 10 நிமிடம் கொதிக்க விடுங்கள்.

5. கீரையைப் போட்டு 3 நிமிடத்தில் தணலைக் குறைத்து, முதற்பாலை ஊற்றிக் கிண்டுங்கள். கொதி வருமுன் இறக்கிவிடுங்கள். கொதித்தால் பால் திரிந்துபோகும்.

6. கோப்பையில் ஊற்றிய பிறகு சில துளி தேசிக்காய்ப் புளி விடுங்கள்.

ஏன் இப்படி?

தேங்காய்ப்பாலில் உள்ள கொழுப்பு உடம்புக்குத் தெம்பு தருவதோடு, கரட், கீரையில் உள்ள விற்றமின் ஏ சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவும் உதவும். கீரையில் உள்ள இரும்புச்சத்து லேசில் உடம்பில் சேராது. அதோடு இறைச்சியும் தேசிக்காயும் சேர்ந்தால் கூடுதலாகச் சேரும்.

தேத்தண்ணி விஷயம்

நாம் பறிக்கிற கொழுந்து நமக்குச் சோறு போடுகிறது. ஆனால் சாப்பாட்டோடு குடிக்கிற தேத்தண்ணி, கீரை, பருப்பு, ரொட்டியில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. மலையேறும்போது மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்கிற பெண்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சாப்பிடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னும் பின்னும் தேத்தண்ணி வேண்டாம். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். சாறு குடிக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

பங்கு போடும்போது

சட்டியிலிருந்து முதலில் எடுக்கும் சதை கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், பிள்ளைகளுக்கும் போகட்டும். ஆறு மாதம் நிறையும் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. அதன் பிறகு மிளகும் உப்பும் சேர்க்குமுன் கொஞ்சம் கோழியைத் தனியே அவித்து, எலும்பில்லாமல் நன்றாகப் பிசைந்து சோற்றோடு ஊட்டலாம். ஈரலில் இரும்புச்சத்து மிகுதி. பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுங்கள். கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்த்துச் சதையைச் சாப்பிடுவது நல்லது.

தேங்காய்ப்பால் சேர்த்த சாறு சீக்கிரம் கெட்டுப்போகும். அன்றன்றே குடித்து முடியுங்கள். பச்சைக் கோழி வெட்டிய கத்தியையும் பலகையையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கோழி வாங்க முடியாத கிழமையில் இதே சரக்கைக் கொதிக்க வைத்து, ஆளுக்கொரு முட்டையை உடைத்து ஊற்றி நன்றாக வேக விடுங்கள். பிறகு கீரையும் பாலும் சேருங்கள்.

தந்தைமாருக்கு ஒரு வார்த்தை. விடிய எழுந்து சமைத்து, மலைக்குப் போய்க் கொழுந்து நிறுத்து வந்து, இரவில் சட்டியின் அடியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டிலும் இருக்கிறார். அடுத்த முறை கோழி வாங்கும்போது, "மொதல்ல நீ போட்டுக்க" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.