டச்டவுன் இரட்டையர்

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரிக்கு ஆடிய 'டச்டவுன் இரட்டையர்' பற்றிப் படித்தபோது, கிளென் டேவிஸும் டாக் பிளான்சர்டும் உடன்பிறந்தவர்கள் என்றே எண்ணினேன். இல்லை! பத்திரிகைகள் சூட்டிய பட்டம் அது.

அமெரிக்கக் காற்பந்தில் பந்தைக் கையில் ஏந்தியே பெரும்பாலும் ஓடுவார்கள் (நம் காற்பந்து வேறு). பிளான்சர்ட் எதிரணியின் நடுவே மோதிப் புகுவார். டேவிஸ் ஓரமாகச் சுற்றிப் பறப்பார். 1944 முதல் 1946 வரை அக்குழு ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 1945இல் பிளான்சர்டுக்கும் 1946இல் டேவிஸுக்கும் ஹைஸ்மன் விருது கிடைத்தது.

டேவிஸுடன் பிறந்த உண்மையான இரட்டையர் ரால்ஃப். இருவரும் ஒரே கல்லூரியில் சேரவே விரும்பினர். ரால்ஃபுக்கும் இடமுண்டு எனப் பயிற்றுநர் ஏர்ல் பிளேக் உறுதியளித்த பிறகே கிளென் வெஸ்ட் பாயிண்ட்டுக்கு இணங்கினார். அந்த ரால்ஃபின் பெயரை நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.