கண்ணை மூடினாலும் ஓயாத புள்ளிகள்

ஆண்டெனா திரும்பிப்போன பழைய டிவியில் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் கொதிக்குமே, அதைச் சுவர், வானம், எதிரே பேசுபவர் முகம் என எல்லாவற்றின் மேலும் நாள் முழுக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணை மூடினாலும் பலருக்குப் போகாது. பெயர் 'விஷுவல் ஸ்னோ'. பனிப்பொழிவையே பார்க்காத நம்மில் பலருக்கு 'டிவி புள்ளி' என்றால்தான் புரியும்!

சோதித்துப் பார்த்தால் கண்ணில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. பிறகு கோளாறு எங்கே? மூளையில்.

எப்படி என்று பார்க்கலாம். கண்ணுக்குள் ஒளியை உணரும் செல்களுக்கு முன்னால் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. அவற்றின் நிழல் நம் எல்லோர் விழித்திரையிலும் விழுகிறது. ஆனால் நமக்குத் தெரிவதில்லை. மாறாமல் இருப்பதைப் பார்வை மண்டலம் கழித்துவிடுகிறது. நரம்புச் செல்கள் சும்மா இருக்கும்போது எழுப்பும் சலசலப்பும் வழக்கமாக வடிகட்டப்பட்டுவிடுகிறது. விஷுவல் ஸ்னோ உள்ளவர்களுக்கு அந்த வடிகட்டல் தளர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 2014இல் வெளியான ஸ்கேன் ஆய்வொன்றில், மூளையின் பின்புறத்தில் பார்வையைக் கையாளும் ஒரு பகுதி இவர்களுக்குக் கூடுதலாக இயங்கியது தெரிந்தது. ஒற்றைத் தலைவலியும் காதிரைச்சலும் பலருக்குக் கூடவே வருகின்றன.

"கண்ணுதான் நல்லா இருக்கே" என்று வீட்டார் சொல்வது, புள்ளிகளைவிடப் பெரிய தொல்லை. உறுதியான மருந்து இன்னும் இல்லை. வண்ணக் கண்ணாடி சிலருக்கு உதவுகிறது. ஆனால், திடீரென மின்னல் வெட்டுகளோ கரும்புள்ளிகளோ தோன்றினால் அது வேறு கதை. அன்றைக்கே கண் மருத்துவரிடம் ஓடவேண்டும்.