16 கிலோபைட் 48 ஆன வரலாறு: பழைய கணிப்பொறிக்கு நினைவகம் கூட்டும் முறை

முன்னுரை

ஒரு கருவியைப் பயன்படுத்துவோர் பலர். அதன் உள்ளமைப்பை அறிந்து தம் கையாலேயே செம்மை செய்துகொள்வோர் சிலரே. 1980களில் இங்கிலாந்து நாட்டு இல்லங்களில் புகுந்த சிறு கணிப்பொறிகள் அச்சிலரின் தொகையைப் பெருக்கின எனலாம். அவற்றுள் புகழ்பெற்ற சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்னும் பொறிக்கு நினைவகம் கூட்டப்பட்ட முறையை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இருவகைப் பொறிகள்

1982ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இப்பொறி இரு வகையாக வெளிவந்தது. 16 கிலோபைட் நினைவகம் உடையதன் விலை 125 பவுன். 48 கிலோபைட் உடையதன் விலை 175 பவுன். பொருள்வசதி குறைந்தோர் சிறியதையே வாங்கினர். ஆயின், அதன் 16 கிலோபைட்டில் திரைக்காட்சிக்கு மட்டுமே 6,912 பைட்டுகள் செலவாயின. பொறியின் பிற தேவைகளும் போக, நிரல் எழுதுவோருக்கு ஏறத்தாழ 9 கிலோபைட்டே எஞ்சியது. நாளடைவில் 48 கிலோபைட்டை வேண்டி நிற்கும் நிரல்கள் பெருகின. இந்நிலையில், வேறு பொறி வாங்காமல் உள்ளதையே விரிவாக்கும் வழியைப் பலரும் நாடினர்.

முகவரியின் எல்லை

நினைவகத்தை நீண்டதொரு தெருவாகவும், ஒவ்வொரு பைட்டையும் அத்தெருவில் கதவெண் உள்ள ஒரு வீடாகவும் கொள்வோம். ஸ்பெக்ட்ரத்தின் மூளையாகிய இசட்80ஏ செயலிக்கு முகவரிக் கம்பிகள் 16. எனவே அது 65,536 கதவெண்களையே அழைக்கவல்லது. முதல் 16,384 எண்கள், பொறியின் நிலையான கட்டளைகள் அடங்கிய படிப்பு நினைவகத்துக்கு உரியன. அடுத்த 16,384 எண்கள் தொடக்க நினைவகத்துக்கு உரியன. சிறிய பொறியில் எஞ்சிய 32,768 எண்களுக்கு வீடுகளே இல்லை. இவ்வெற்றிடத்தை நிரப்புவதே நாம் கூறும் விரிவாக்கம் ஆகும்.

இதற்கு நினைவகச் சில்லுகள் எட்டு வேண்டும். ஒரு பைட்டின் எட்டுப் பிட்டுகளில் ஒவ்வொன்றை ஒவ்வொரு சில்லு காக்கும். இவற்றோடு நான்கு சிறு தருக்கச் சில்லுகளும் வேண்டும். நினைவகச் சில்லின் கால்கள் குறைவாதலின், முகவரியை இரு கூறாக்கி ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பவேண்டியுள்ளது. அப்பணியையும், அழைப்பு மேற்பகுதிக்கு உரியதா எனத் தெரிந்து பிரிக்கும் பணியையும் இந்நான்கும் செய்கின்றன.

பாதி பழுதுற்ற சில்லு

ஈண்டு வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இவ்விரிவாக்கத்தில் பயன்பட்ட 4532 என்னும் சில்லு, உண்மையில் 64 கிலோபிட் கொள்ளுமாறு உருவாக்கப்பட்டதாகும். சோதனையில் ஒரு பாதி பழுது எனக் கண்டவற்றை எறிந்துவிடாமல், நல்ல பாதியை மட்டும் கணக்கிற்கொண்டு 32 கிலோபிட் சில்லுகளாகக் குறைந்த விலைக்கு விற்றனர். எப்பாதி நல்லது என்பதைச் சில்லின் மேலுள்ள குறியீடு உணர்த்தும். எட்டுச் சில்லுகளும் ஒரே வகையினவாய் இருத்தல் வேண்டும். அவற்றிற்கு ஏற்பப் பலகையில் இணைப்புக் கம்பியை அமைத்தலும் வேண்டும். இன்று 4532 கிடைப்பது அரிதாகையால், முழு 64 கிலோபிட் கொண்ட 4164 சில்லுகளைப் பொருத்துகின்றனர். அவற்றின் ஒரு பாதி பயன்படாமல் கிடக்கும். அதனால் தீங்கு இல்லை.

செய்முறையும் காப்பும்

இரண்டாம் பதிப்புப் பலகை முதலாக இச்சில்லுகளுக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. முதற்பதிப்புப் பலகைக்குத் தனிச் சிறுபலகை ஒன்று தேவைப்பட்டது. மின்னிணைப்பை நீக்கிய பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். விசைப்பலகையின் மென்பட்டைகள் முதுமையால் எளிதில் முறியக்கூடியன. ஆதலின் அவற்றை மெல்லக் கழற்றவேண்டும். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்குமாதலால், நிலத்தோடு இணைந்த உலோகத்தைத் தொட்டு அதனை அகற்றிய பின்னரே சில்லைக் கையிலெடுத்தல் நன்று. சில்லின் ஓரத்திலுள்ள வெட்டுக்குறி பலகையிலுள்ள குறியோடு பொருந்துதல் இன்றியமையாதது. சில்லை நேராகப் பற்றவைப்பதினும், சாக்கெட்டைப் பற்றவைத்து அதனுள் செருகுவது சாலச் சிறந்தது. பின்னர் பழுது நேரின் மாற்றுதல் எளிது.

புதிய சில்லுகளுக்கு 5 வோல்ட் மட்டுமே போதும். பழைய 4116 சில்லுகளுக்கோ 5, 12, எதிர்மறை 5 என மூவகை மின்னழுத்தம் வேண்டும். எதிர்மறை 5 தவறின் அவை அழியும். ஆகவே, விரிவாக்கத்திற்கு முன் இம்மூன்றையும் அளந்து பார்த்தல் அறிவுடைமை. ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ட் செருகியில் நடுமுனை எதிர்மறையாகும். வேறு கருவியின் செருகியை இதில் பொருத்துதல் கேடு விளைக்கும்.

பணி முடிந்ததும், பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733 எனக் கட்டளையிடவேண்டும். திரையில் 65535 தோன்றின் வெற்றி. 32767 தோன்றின் பொறி இன்னும் 16 கிலோபைட்டையே காண்கிறது என்பது பொருள்.

முடிவுரை

65535ஆம் எண்ணோடு தெரு முடிந்துவிடுகிறது. அதன்பின் எத்தனை சில்லுகளைச் சேர்த்தாலும், பகுதி பகுதியாக மாற்றிக் காட்டும் தனி ஏற்பாடு இன்றேல், செயலி அவற்றை அறியாது. எனவே நினைவகம் கூட்டுதல் என்பது பொருளைச் சேர்த்தல் மட்டுமன்று. சேர்த்ததை அழைக்க வழிசெய்தலும் ஆகும். படித்தவற்றைப் பெருக்கியும் வேண்டும் பொழுது நினைவுக்குக் கொணர இயலாத மாணவர்க்கும் இது பொருந்தும். மேலும், பழுதென ஒதுக்கத்தக்க சில்லின் நல்ல பாதியைத் தேர்ந்தறிந்தமையால் அன்றோ, எளியோர் இல்லத்துச் சிறுபொறியும் முழு ஆற்றல் பெற்றது! குறையுள்ள ஒன்றை ஒதுக்குமுன் அதன் நலத்தையும் ஆராய்தல் நம் கடமை எனத் தெளிவோமாக.