இம்ப்பாட் தரவுத்தளம்

இம்ப்பாட் என்பது இந்திய மருத்துவத் தாவரங்களையும், அவற்றிலுள்ள வேதிப்பொருட்களையும், மருத்துவப் பயன்களையும் தொகுத்துத் தரும் உயிரியல் தரவுத்தளம் ஆகும். சென்னை அடையாறை அடுத்த தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அரீஜித் சாமல் தலைமையிலான ஆய்வுக்குழு இதனை உருவாக்கியது. முதற் பதிப்பு பற்றிய ஆய்வுக்கட்டுரை 2018 ஆம் ஆண்டிலும், இரண்டாம் பதிப்பு 2022 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

பின்னணி

பெருந்தொகையான தரவுகளில் மறைந்துள்ள ஒழுங்குகளைக் கணினி வழியாகக் கண்டறிதல் தரவு அகழ்வு எனப்படும். இதற்குத் தரவுகள் சீரான வடிவில் இருத்தல் வேண்டும். மூலிகைகள் பற்றிய செய்திகளோ அச்சு நூல்களிலும் ஆய்விதழ்களிலும் சிதறிக் கிடந்தன. பெயர்க் குழப்பமும் உண்டு. எடுத்துக்காட்டாக, மஞ்சள் காமாலைக்கு மரபாக வழங்கப்படும் கீழாநெல்லியின் அறிவியற் பெயர் பில்லாந்தசு அமாரசு ஆகும். இந்திய நூல்கள் பலவற்றில் இது பில்லாந்தசு நிரூரி என்று குறிக்கப்பட்டது. நிரூரி என்பது வேறோர் இனம். பெயரைச் சரிபார்க்காவிடில் ஓர் இனத்தின் வேதிப்பொருள் மற்றோர் இனத்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.

தொகுப்பு

இதனால் தரவுகள் ஆய்வாளர்களால் நேரடியாகப் படித்துத் திரட்டப்பட்டன. ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் மூலக்கூறு அமைப்பு இணைக்கப்பட்டு, இரட்டிப்புகள் நீக்கப்பட்டன.

* முதற் பதிப்பு: 1,742 தாவரங்கள், 9,596 வேதிப்பொருட்கள், 1,124 மருத்துவப் பயன்கள்
* இரண்டாம் பதிப்பு: 4,010 தாவரங்கள், 17,967 வேதிப்பொருட்கள், 1,095 மருத்துவப் பயன்கள்

இரண்டாம் பதிப்பில் வேர், இலை, விதை எனத் தாவர உறுப்பு வாரியாகவும் தரவுகள் தரப்பட்டுள்ளன.

முடிவுகள்

மருந்தாகும் இயல்புடைய மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்கப் பல அளவுகோல்கள் பயன்படுத்தப்பட்டன. லிப்பின்சுகி 1997 இல் முன்வைத்த விதி அவற்றுள் ஒன்று. வாய்வழி உட்கொள்ளும் மருந்தின் மூலக்கூற்று எடை 500 டால்டனுக்கு மிகாதிருத்தல் நன்று என்பது அதன் ஒரு கூறாகும். இவ்வடிகட்டலில் முதற் பதிப்பில் 960 பொருட்களும், இரண்டாம் பதிப்பில் 1,335 பொருட்களும் தேறின. இவற்றுள் பெரும்பாலானவை ஒப்புதல் பெற்ற மருந்துகளை ஒத்திருக்கவில்லை. ஆகவே புதிய மருந்துகளைத் தேடுவோருக்கு இவை தொடக்கப் புள்ளியாக அமைகின்றன.

வரம்புகள்

இப்பட்டியலில் உள்ள பொருள் நோயைத் தீர்க்கும் என்று கொள்ளலாகாது. அதற்கு ஆய்வகச் சோதனையும் மருத்துவச் சோதனையும் தேவை. பட்டியலில் இடம்பெறாதவை பயனற்றவை என்பதும் சரியன்று. நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படும் வின்கிரிசுடீனின் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 825 டால்டன். லிப்பின்சுகி வரம்பை மீறிய இப்பொருள், சிரை வழியாகச் செலுத்தப்படும் புற்றுநோய் மருந்தாகப் பயன்பட்டு வருகிறது.