ஆபத்துக்கு உதவும் வண்டி

பதுளை நகரிலிருந்து ஒரு தேயிலைத் தோட்டத்தின் கடைசி டிவிசன் எத்தனை கட்டை தூரம் என்று கேட்டால், பன்னிரண்டு என்றோ பதினைந்து என்றோ விடை கிடைக்கும். அதே கேள்வியை ஐப்பசி மாதத்து நள்ளிரவில், லயத்து அறையொன்றில் ஒரு பெண் பிரசவ வேதனையால் துடித்துக்கொண்டிருக்கும் வேளையில் கேட்டால், விடை கட்டைக் கணக்கில் வாராது. மணிக் கணக்கில்தான் வரும். வழியில் மண் சரிந்திருந்தால் அந்தக் கணக்கும் பொய்த்துப்போகும். உதவி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதே தொலைவின் உண்மையான அளவாகும். இவ்வாறு பார்த்தால், மடுல்சீமையிலும் பூனாகலையிலும் நமுனுகுலைச் சரிவுகளிலும் உள்ள எத்தனையோ லயங்கள், மழைக்காலத்தில் நடுப் பாலைவனத்துக் கூடாரங்களைப் போலவே தனித்து நிற்பவை எனலாம்.

பாலைவனத்தை இங்கு எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. உதவி கிடைக்காத இடத்துக்கு ஒரு மோட்டார் வண்டியை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்னும் கலையை உலகுக்குக் கற்பித்தது பாலைவனமே. 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் ரால்ஃப் பக்னோல்ட் என்னும் ஆங்கில இராணுவப் பொறியியலாளர், தம் நண்பர் சிலருடன் லிபியப் பாலைவனத்தின் மணற்கடலைக் கார்களில் கடந்தார். அவர்களிடம் இருந்தவை சாதாரண ஃபோர்ட் கார்கள். நான்கு சில்லுகளுக்கும் விசை செல்லும் அமைப்பு அவற்றில் இல்லை. இருந்தது முன்யோசனையே. கொதிக்கும் ரேடியேட்டரிலிருந்து நீராவி வீணாகாதபடி, ஒரு குழாய் வழியாக அதை நீருள்ள தகர டின்னுக்குள் செலுத்திக் குளிரவைத்தனர். எஞ்சின் ஆறியதும் அந்நீர் மீண்டும் ரேடியேட்டருக்கே திரும்பியது. மணலில் புதையும் சில்லுகளுக்கு அடியில் இடுவதற்கு இரும்புத் தகடுகளை உடன் கொண்டுசென்றனர். டயரின் காற்றைக் குறைத்து, அது மணலில் அகன்று பதியும்படி செய்தனர். எது பழுதுபடும், எது தீர்ந்துபோகும், அப்போது கையில் என்ன இருக்கும் என்பதைப் புறப்படுமுன்பே எண்ணிக் கணக்கிட்டனர். அவர்களுடைய வெற்றியின் இரகசியம் இதுவே.

அதன் பின்னரே, 1941இல் போர்த் தேவைக்காக ஜீப் வண்டி பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்டது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் லாண்ட்ரோவர் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. இவை இரண்டும் நமது தோட்டங்களுக்கும் வந்தன. பெரியதுரையின் பங்களா வாசலில் நின்ற அந்த வண்டியை இன்றும் முதியோர் நினைவுகூர்வர். அதன் பெருமையைப் பேசியோர் பலர். அதன் இயல்பை அறிந்தோர் சிலரே.

அவ்வியல்பு யாதெனில், எஞ்சினின் விசை முன் சில்லுகளுக்கும் பின் சில்லுகளுக்கும் ஒருங்கே செல்வதாகும். இதனுடன் தாழ்ந்த கியர் வரிசை ஒன்றும் இருக்கும். அதைப் போட்டால் வண்டியின் வேகம் இரண்டு, மூன்று மடங்கு குறையும். இழுக்கும் வலு அதே அளவுக்குக் கூடும். எனினும் ஒரு குறையையும் நேயர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஒரே அச்சிலுள்ள இரு சில்லுகளுக்கும் விசையைப் பங்கிடும் டிபரென்ஷல் என்னும் பற்சக்கரப் பெட்டி, சறுக்கும் சில்லையே சுழலவிடும் தன்மையுடையது. ஆதலின் பூட்டு வசதியற்ற வண்டியில் முன்னே ஒரு சில்லும் பின்னே ஒரு சில்லும் சேற்றில் பிடிப்பிழந்தால், மற்ற இரண்டும் உறுதியான தரையில் நின்றபோதிலும் வண்டி நகராது. மேலும் பழைய வண்டிகள் பலவற்றில் முன் சில்லுகளின் நடுவிலுள்ள பூட்டைக் கையால் திருப்பினாலன்றி, விசை அவற்றுக்குச் செல்லாது. சேற்றில் இறங்கிய பின் அந்தப் பூட்டைத் தேடி மழையில் குனிந்து தடவுவதைவிட, தார் வீதியின் முடிவிலேயே திருப்பிக்கொள்வது அறிவுடைமை.

இன்னொரு பெருந்தவறான எண்ணமும் உண்டு. நான்கு சில்லும் இழுக்கும் வண்டி விரைவாக நிற்கவும் செய்யும் என்று பலர் கருதுகின்றனர். எல்லா வண்டிகளுக்கும் நான்கு சில்லுகளிலும் பிரேக் உண்டு. இவ்விஷயத்தில் ஜீப்புக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. ஊவா மலைகளில் ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. அப்புத்தளையின் உயரம் ஏறத்தாழ 1,430 மீற்றர். அங்கிருந்து பெரகலை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குபவர், பிரேக்கை ஓயாது மிதித்துக்கொண்டே சென்றால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குதல் என்பது பழைய சாரதிகளின் விதி. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் குளிர்ந்த நிலையில், அவசரத்துக்கென்று காத்திருக்கும்.

ஆகவே ஆயத்தம் பிரேக்கிலிருந்து தொடங்குதல் வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஈரமேறிய எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியாகிவிட்டால், மிதிக்கும் கால் வெறுமையில் அமிழ்ந்துபோகும். இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் அதை முற்றாக மாற்றுவது நலம். நீரோடையைக் கடந்த பின்னர் பிரேக்கை மென்மையாகச் சில தடவை மிதித்து உலர்த்திக்கொள்ளல் வேண்டும்.

அடுத்தது எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பு. உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். அப்புத்தளையில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். காற்றும் அங்கு அடர்த்தி குறைந்தது. எனவே மேலதிகக் காற்றை உட்செலுத்தும் கருவியற்ற பழைய எஞ்சின், தன் வலுவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை இழக்கும். வலுக் குறைந்த எஞ்சின், பாரத்துடன், ஊர்ந்தபடி ஏறும்போது சூடேறுவது இயல்பே. ரேடியேட்டர் மூடி இறுக்கமாக இருத்தல், இறப்பர்க் குழாய்களில் வெடிப்பின்றி இருத்தல், விசிறி வார் தளராதிருத்தல் ஆகிய மூன்றையும் மழைக்காலத்துக்கு முன்பே பார்த்து, ஒரு வாரையும் ஒரு குழாயையும் மேலதிகமாக வண்டியில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

டயரைப் பொறுத்தவரை பாலைவனத்தின் பாடத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவருதல் தகாது. மணலில் 30 இறாத்தல் காற்றை 15, 18 இறாத்தல்வரை குறைப்பர். நமது தோட்டப் பாதைகளிலோ சேற்றுக்கு அடியில் கூரிய கற்கள் கிடக்கும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவரை அவை கிழித்துவிடும். குழைந்த சேற்றில் சிக்கிக்கொண்டால் மட்டும் சிறிது குறைத்து வெளியேறி, உடனே கைப்பம்பால் மீண்டும் நிரப்புதல் முறையாகும். பம்பும் அழுத்தமானியும் இல்லாத வண்டியில் காற்றைக் குறைக்கவே கூடாது.

சேற்றிலிருந்து மீள்வதற்குப் பாக்னோல்டின் இரும்புத் தகடுகளைத் தேடி அலையவேண்டியதில்லை. தடித்த பலகைகள் இரண்டு, பழைய கொழுந்துச் சாக்குகள் சில, மண்வெட்டி, அலவாங்கு, உறுதியான இழுவைக் கயிறு, ஜாக்கி, ஜாக்கி புதையாமல் அதன் அடியில் வைக்க ஒரு சதுரப் பலகை, சில்லுக்கு முட்டுக்கொடுக்க இரண்டு கட்டைகள் ஆகியன போதும். விழுந்த மரக்கிளையை வெட்ட ஒரு கத்தியும் கோடரியும் வேண்டும். டோர்ச் லைட்டைப் பெட்டியின் அடியில் போட்டுவைப்பவர் இருளில் அதைத் தேட இன்னொரு டோர்ச் லைட்டை நாடவேண்டியிருக்கும்; அது சாரதியின் கைக்கெட்டும் இடத்திலேயே இருத்தல் வேண்டும். பாரமான பொருள்களைத் தாழ்வாக, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் கட்டுவது முறை. கூரைமேல் ஏற்றிய பாரம், பக்கச் சரிவான பாதையில் வண்டியைக் கவிழ்க்கக் காத்திருக்கும்.

நோயாளிக்கு இடம் உண்டா என்பதைப் பலர் கடைசி வேளையிலேயே சிந்திக்கின்றனர். ஆண்டாண்டு காலமாகத் தோட்ட நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குச் சுமந்தது பெரும்பாலும் தோட்டத்து லொறியே. ஒருவர் நீட்டிப் படுக்கவும், துணைக்கு ஒருவர் அருகில் அமர்ந்து பிடித்துக்கொள்ளவும் வண்டியில் இடமிருக்கிறதா என்று, நோயற்ற ஒருவரைப் படுக்கவைத்தே பார்த்துவிடலாம். மெத்தையும் தார்ப்பாயும் கம்பளியும் உலர்ந்த இடத்தில் எப்போதும் இருக்கட்டும். நிறைமாதக் கர்ப்பிணியை மல்லாந்து கிடக்கவிடாமல், இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தல் நன்று. தாயின் இரத்த ஓட்டம் அதனால் தடைப்படாதிருக்கும். 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பேருதவி புரிகின்றது. எனினும் அவ்வண்டி நல்ல வீதியில் ஓடுவது. கல்லும் சேறுமான டிவிசன் பாதையில் ஏறுவது கடினம். எனவே தோட்டத்து ஜீப் தார் வீதிச் சந்திவரை நோயாளியைக் கொண்டுவர, அம்புலன்ஸ் அங்கே வந்து பொறுப்பேற்பது என்ற ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொண்டால், இரு வண்டிகளின் திறனும் பயன்படும். எந்தச் சந்தி, எந்த இடத்தில் கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்கும் என்பவற்றைச் சாரதி அறிந்திருத்தல் வேண்டும்.

ஓடை பெருகி மதகின்மேல் பாய்ந்தால் முதலில் நடந்தே ஆழம் பார்க்கவேண்டும் என்பர். நடந்து கடக்க அஞ்சும் நீரில் வண்டியை இறக்குதல் ஆகாது. பாயும் நீர் இரண்டடி ஆழமிருந்தால் பெரும்பாலான வண்டிகளை அது மிதக்கச் செய்து இழுத்துச் செல்லும். நான்கு சில்லும் தரையைத் தொடாதபோது நாற்சில்லு இழுவையால் யாது பயன்?

இத்தனை ஆயத்தத்துக்கும் மேலான ஆயத்தம் ஒன்றுண்டு. புறப்படக்கூடாத வேளையை அறிவதே அது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளரின் லயங்களைப் புதைத்தது. அந்த நிலம் ஆபத்தானது என்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோதும் பதுளை மாவட்டத்தில் பல மலைகள் சரிந்தன, வீதிகள் துண்டிக்கப்பட்டன. மலை சரிந்த பின்னர் எந்த ஜீப்பாலும் அங்கே போய்ச் சேர முடியாது. சரிவதற்கு முன் முதியோரையும் குழந்தைகளையும் நோயாளரையும் கீழே இறக்கிவிட்ட வண்டியே தன் கடமையைச் செய்த வண்டியாகும்.

அதற்கு வேண்டிய கருவி எஞ்சினில் இல்லை. தோட்டத்து மழைமானியில் உள்ளது. நாள்தோறும் மழையை அளந்து ஏட்டில் குறிப்பது தோட்டங்களின் நீண்டகால வழக்கம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல், 100 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற ஆயத்தமாதல், 150 மில்லிமீற்றரைக் கடந்தாலோ ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ வெளியேறிவிடுதல் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுகோல். நிலத்தில் புதிய வெடிப்புகள், சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்றுகள் ஆகிய அறிகுறிகள் தென்பட்டால் அளவுக்காகக் காத்திராமல் புறப்படுதல் வேண்டும். மழை ஏடு கந்தோர் மேசையிலும் வண்டி கீழ்த் தொழிற்சாலையிலும் கிடந்தால் பயனில்லை. ஏட்டில் 75 என்று எழுதும் கை, சாரதிக்குச் சொல்லியனுப்பவும் வேண்டும்.

ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் உலர்ந்த கச்சான் காற்று வீசும். தேயிலை மணம் பெறும் பருவம் அது. அந்த உலர்ந்த நாள்களுள் ஓர் ஞாயிற்றுக்கிழமையை வண்டிக்கென்று ஒதுக்கிவைக்கலாம். அன்று பிரேக்கையும் டயரையும் குழாய்களையும் பார்த்து, கருவிகளை எண்ணி, பட்டியலை எழுதி வண்டிக்குள் ஒட்டி, ஒருவருக்குப் பதிலாக இருவரைச் சாரதியாகப் பழக்கி, கடைசி லயம்வரை ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டால், ஐப்பசி நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது எவரும் சாவியைத் தேடி ஓடவேண்டியிராது. லயத்து வாசலில் வண்டியின் வெளிச்சம் விழும். அந்தத் தாய் விடிவதற்குள் பதுளை ஆஸ்பத்திரியை அடைவாள்.