மாலைக்கண்ணும் மரபணுவும்

பகலெல்லாம் பந்து விளையாடும் சிறுவன், அந்தி சாய்ந்ததும் திண்ணைப்படியில் இடறி விழுகிறான். மாலைக்கண் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். முருங்கைக்கீரையும் மீன் எண்ணெயும் கொடுக்கத் தொடங்குகிறோம். வைட்டமின் 'ஏ' குறைவினால் வந்ததாயின் பார்வை விரைவிலேயே தெளியும். மாதக்கணக்கில் கொடுத்தும் தேறவில்லையென்றால், தன் சமையலில் என்ன குறை என்று தாய் மனம் நோகிறாள். குறை அவள் சமையலில் இல்லை. அது பிள்ளை பிறக்கும்போதே அவனோடு வந்த 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்னும் நோயாக இருக்கலாம். ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு.

நமது விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இருவகை. மங்கிய ஒளியில் காண்பவை குச்சிகள். கண்ணொன்றுக்குச் சுமார் 12 கோடி. பகலொளியையும் நிறத்தையும் நுண்ணிய எழுத்தையும் காண்பவை கூம்புகள். இவை 60 லட்சமே. குச்சிக்குள் ஒளியை ஏற்கும் புரதம் ரோடாப்சின். ஒவ்வொரு குச்சியும் ஒளியேற்கும் தன் நுனிப்பகுதியில் பத்தில் ஒரு பங்கை நாள்தோறும் உதிர்த்துப் புதிதாய்க் கட்டுகிறது. ஆகவே ரோடாப்சின் மரபணு ஓயாது உழைக்கவேண்டும், அதுவும் அளவோடு. எலிகளில் அதை அறவே நீக்கினாலும் குச்சிகள் மடிந்தன. பழுதற்ற ரோடாப்சினையே மிகையாகச் சுரக்கச் செய்தாலும் மடிந்தன! உப்பு கூடினாலும் குறைந்தாலும் குழம்பு கெடுவதுபோலத்தான்.

1990-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தாடியஸ் டிரைஜாவும் அவர் குழுவினரும், இந்நோயுற்ற சிலரிடம் ரோடாப்சின் மரபணுவிலேயே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டனர். குச்சிகள் அழிவதற்குக் காரணம் விளங்கிற்று. ஆனால் விந்தை இதற்குப் பின்தான். கூம்புகளில் ரோடாப்சின் மரபணு இருந்தும் அது வாய் திறப்பதில்லை. எழுத்துப் பிழையால் அவற்றுக்குத் தீங்கு நேரக் காரணமே இல்லை. எனினும் குச்சிகள் அழிந்தபின் கூம்புகளும் ஒவ்வொன்றாக மடிகின்றன. இரவுப் பார்வையை இழந்தவர் பகற்பார்வையையும் இழப்பது இதனாலேயே.

பாரிஸ் நகரில் ஓசே சாஹேல், தியெரி லெவெயார் என்னும் இருவர் இதற்கு விடை தேடினர். குச்சிகள் சுரக்கும் ஒரு சிறு புரதம் கூம்புகளைக் காப்பதாக 2004-இல் அவர்கள் குழு கண்டறிந்தது. அது கூம்புக்குள் குளுக்கோஸ் கூடுதலாகப் புக வழிசெய்கிறது என்பது 2015-இல் தெரியவந்தது. இப்புரதத்திற்கான மரபணு கூம்பிலும் உண்டு. ஒரே மரபணுவைக் குச்சி இருவிதமாகப் படித்துக் குறும்புரதம், நெடும்புரதம் இரண்டையும் ஆக்குகிறது. கூம்போ நெடியதை மட்டுமே ஆக்குகிறது. உணவைக் கூட்டித் தரும் குறும்புரதத்திற்கு அது அண்டைவீட்டுக் குச்சியையே நம்பியிருக்கிறது. அண்டைவீடு பாழானால் இதற்கும் பட்டினி!

இந்நோயை விளைக்கவல்ல மரபணுக்கள் அறுபதுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து காண்பது எளிதன்று. கூம்புக்கு உணவூட்டும் வழியோ, பிழை எந்த மரபணுவில் இருப்பினும் உதவக்கூடும் என எதிர்பார்க்கின்றனர். அவ்விரு புரதங்களையும் மரபணு வழியே கண்ணுக்குள் அளிக்கும் சோதனை 2023-இல் மனிதரிடம் தொடங்கிற்று. குச்சிகளை மீட்க இயலாவிடினும், எஞ்சிய கூம்புகள் பிழைத்தால் ஒருவர் பகலில் தனியே நடமாடலாம்; கடிதம் படிக்கலாம்.

கீரைக்குத் தேறாத மாலைக்கண் உள்ள பிள்ளையைக் கண் மருத்துவரிடம் காட்டுகையில், அவன் உடன்பிறந்தாரையும் அழைத்துச் செல்வது நன்று. இருட்டில் இன்னும் இடறாத பிள்ளைக்கும் நோய் தொடங்கியிருக்கக்கூடும்; விழித்திரையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் கருவி அதை முன்னரே காட்டிவிடும்.