மீனம்பாக்கத்துக் காற்றும் மொட்டைமாடி ட்ரோனும்

'மெட்டார் விஓஎம்எம் 150930இசட் 14012கேடி 6000 ஃபியூ020 33/26 கியூ1004 நோசிக்.'

கரண்ட் பில்லின் மூலையில் அச்சாகியிருக்கும் எண்கள் மாதிரிதான் தெரியும். ஆனால் இது வானிலை. சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து அரை மணிக்கு ஒருமுறை இந்த மாதிரி ஒரு வரி வெளியாகிறது. மேலே இருப்பது வெயில்காலப் பிற்பகல் ஒன்றுக்கான மாதிரி. மெட்டார் என்று அழைக்கப்படும் இந்தக் குறிமொழியை உலகெங்கும் விமானிகள் படிக்கிறார்கள். இப்போது கல்யாண வீடியோ எடுப்பவரும், நிலம் அளப்பவரும், வயலுக்கு மருந்தடிப்பவரும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறார்கள்.

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, பச்சை மண்டலத்தில் 400 அடி வரை, அதாவது சுமார் 120 மீட்டர் உயரம் வரை, முன் அனுமதி கேட்காமல் பறக்கலாம். ரிமோட் பைலட் சான்றிதழுக்கான பயிற்சியில் வானிலையும் ஒரு பாடம். பாடம் முடிந்து சான்றிதழ் கைக்கு வந்ததும், போனில் மழைப் படம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது சுலபம். மெட்டாரைப் பார்ப்பவருக்கும் ஒரு சங்கடம் உண்டு. அது ஓடுபாதையில் இறங்கும் விமானத்துக்காக எழுதப்பட்டது. பொடி ட்ரோனை மனதில் வைத்து எழுதியதல்ல.

வரியை உடைத்துப் பார்க்கலாம். விஓஎம்எம் என்றால் சென்னை. கோவைக்கு விஓசிபி, மதுரைக்கு விஓஎம்டி, திருச்சிக்கு விஓடிஆர். அடுத்து 15ஆம் தேதி, 0930 மணி. இது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நமக்குப் பிற்பகல் 3. 'டாஃப்' எனப்படும் முன்னறிவிப்பைப் படிக்கும்போது இந்தக் கூட்டல் ரொம்ப முக்கியம். 0900 மணிக்கு இடிமழை என்று அதில் இருந்தால், வருவது பிற்பகல் 2.30க்கு. காலை 10 மணிக்கு வானம் பளிச்சென்று இருக்கிறதே, கணிப்பு பொய்த்துவிட்டது என்று கிளம்பிவிடக் கூடாது.

14012கேடி என்பதுதான் ட்ரோன்காரர் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம். 140 டிகிரியிலிருந்து, அதாவது தென்கிழக்கிலிருந்து, 12 நாட் வேகத்தில் காற்று வீசுகிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். ஆக, மணிக்கு 22 கிலோமீட்டர். வானொலி வானிலை அறிக்கை கிலோமீட்டரில் பேசும், மெட்டார் நாட் கணக்கில் பேசும், ட்ரோனின் கையேடு நொடிக்கு இத்தனை மீட்டர் என்று பேசும். 12 நாட் என்பது நொடிக்கு 6 மீட்டருக்குச் சற்று மேல். டிஜேஐ மினி 4 ப்ரோ போன்ற கால் கிலோவுக்கும் குறைவான ட்ரோன் நொடிக்கு 10.7 மீட்டர் காற்று வரை தாங்கும் என்கிறது கையேடு. அப்புறம் என்ன, தாராளமாகப் பறக்கலாமே?

அவசரப்படக் கூடாது. அந்த 12 என்பது பத்து நிமிடச் சராசரி. மீனவர்களுக்கான எச்சரிக்கையில் 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்' என்று சொல்வார்கள் அல்லவா? அந்த 'இடையிடையே' மெட்டாரில் ஜி என்ற எழுத்தோடு வரும். ஆனால் சர்வதேச விதிப்படி, வீச்சு சராசரியைவிட 10 நாட்டாவது கூடினால்தான் அது பதிவாகும். சராசரி 12 என்றால், 21 நாட் வீச்சு வந்துபோனாலும் அறிக்கை வாய்திறக்காது. 21 நாட் என்பது நொடிக்கு 10.8 மீட்டர். மினியின் வரம்பு தாண்டியாயிற்று. பல டன் எடையுள்ள விமானத்துக்கு இது பொருட்டல்ல, கால் கிலோ ட்ரோனுக்கு அப்படியில்லை.

காற்றை அளக்கும் கருவி வழக்கமாக 10 மீட்டர் உயரக் கம்பத்தில் இருக்கும். ட்ரோன் 120 மீட்டரில் இருக்கும். மரம், கட்டடம், தரை எல்லாம் உரசி வேகத்தைக் குறைப்பது கீழேதான். மேலே போகப் போகக் காற்று வலுக்கும். திறந்த நிலத்தில் 10 மீட்டருக்கும் 120 மீட்டருக்கும் இடையே சுமார் 40 சதவீதம் கூடும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. உச்சி வெயிலில் காற்று மேலும் கீழும் கலந்துவிடுவதால் வித்தியாசம் குறையும், இரவில் கூடும்.

இதெல்லாம் எங்கே உறைக்கும் என்றால், திரும்பி வரும்போது. நொடிக்கு 10 மீட்டர் போகக்கூடிய ட்ரோனை, 7 மீட்டர் காற்று தள்ளும் திசையில் ஒரு கிலோமீட்டர் அனுப்பினால் ஒரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும். எதிர்க்காற்றில் திரும்ப ஐந்தரை நிமிடம். பேட்டரியில் 60 சதவீதம் இருக்கிறது என்று நம்பி நிற்பவர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார். அனுபவசாலிகள் முதலில் காற்றை எதிர்த்துப் போய்விட்டு, காற்றோடு வீடு திரும்புவார்கள்.

பெரிய ஆட்களையும் காற்று விட்டுவைக்கவில்லை. இணைய வசதி இல்லாத ஊர்களுக்கு வானிலிருந்து இணையம் தர ஃபேஸ்புக் நிறுவனம் 'அக்விலா' என்ற ஆளில்லா விமானத்தைச் செய்தது. போயிங் 737ஐ மிஞ்சும் இறக்கை நீளம், அதற்கேற்ற எடை கிடையாது. 2016 ஜூன் 28 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் முதல் பயணத்தை முடித்து இறங்கும் நேரத்தில் காற்று வீச்சில் சிக்கி, வலது இறக்கை உடைந்தது. பெரிய இறக்கை, குறைந்த எடை என்ற சேர்க்கை காற்றுக்கு எப்போதும் வசதி.

மெட்டார் வரியின் மிச்ச எண்களை வேகமாகக் கடக்கலாம். 6000 என்பது பார்வைத் தூரம், மீட்டரில். ஃபியூ020 என்றால் 2000 அடியில் அங்கங்கே மேகம். 33/26 வெப்பநிலையும் பனிநிலையும். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் பனிமூட்டத்துக்கு வாய்ப்பு. கியூ1004 காற்றழுத்தம். நோசிக் என்றால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். அந்தரத்தில் சும்மா நிற்கவே அங்கே ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதல் சக்தி செலவாகும்.

மெட்டாரால் சொல்ல முடியாதவையும் உண்டு. அது சொல்வது விமான நிலையத்தின் வானிலையை மட்டும். கோடையில் மெரினாவில் கடற்காற்று புகுந்துவிட்ட பிறகும் மீனம்பாக்கத்தில் மேற்குக் காற்று அனலாய் வீசிக்கொண்டிருக்கலாம். கடற்காற்று உள்ளே நகரும்போது அதன் முனையில் திசை சட்டென்று மாறும். கடற்கரையில் படம் எடுப்பவர் மீனம்பாக்கத்து எண்ணை நம்பினால் திசையே தப்பு. பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பறப்பவருக்குக் கோவை அறிக்கை ஒரு குறிப்புத்தான். ஆடிக்காற்றை வயலில் நின்றே அளந்துகொள்ள வேண்டும். கையடக்கக் காற்றுமானி அதற்கு உதவும்.

மருந்தடிக்கும் ட்ரோன்களுக்கு இன்னொரு விசித்திரம். காற்றே இல்லாத விடியற்காலைதான் தோதானது என்று தோன்றும். ஆனால் தெளிந்த இரவுக்குப் பிறகு தரையருகே குளிர்ந்த காற்று தேங்கி, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடியிருக்கும். மெல்லிய மருந்துத் துளிகள் மேலே கலைந்து போகாமலும் பயிர்மேல் படியாமலும் அப்படியே மிதந்து, லேசான நகர்வில் பக்கத்து வயலுக்கோ குளத்துக்கோ போய்விடும். இதைக் கண்டுபிடிக்க மெட்டாரே வேண்டாம். அடுப்புப் புகை மேலே போகாமல் கூரைக்குச் சற்று மேலே தட்டையாகப் படர்ந்து நின்றால், வெயில் ஏறி மெல்லிய, நிலையான காற்று வரும் வரை மோட்டாரைத் தொடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தேட வேண்டியவை சிபி என்ற இரண்டு எழுத்துகள். மேகக் குறியீட்டின் வாலில் அவை ஒட்டியிருந்தால், இடிமழை மேகம் பக்கத்தில் எங்கோ இருக்கிறது. மழை தலைமேல் விழும்போது ட்ரோனை இறக்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு இங்கே பலிக்காது. மேகத்திலிருந்து கீழே கொட்டும் குளிர்காற்று தரையில் மோதி, மழைக்குப் பல கிலோமீட்டர் முன்னாலேயே பாய்ந்து வரும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே புழுதி கிளம்புவது அதனால்தான். சென்னை, காரைக்கால் ராடார் படங்களை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். சிவப்புத் திட்டு தன் பக்கம் நகர்கிறது என்று தெரிந்தால், அது இன்னும் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே ட்ரோனை இறக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.